கால்வாய்க்கு விட்ட வீடு

பெங்களூரு,
22.10.2024

பிரியமுள்ள மாமாவுக்கு,

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் பேசினால் புருஷன் பெண்டாட்டி சண்டையில்தான் முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

மழையில் மறுபடியும் வீட்டுக்குள் தண்ணீர். நம் சுவருக்குப் பின்னால் லட்சுமம்மா வீட்டில் மார்பளவு. அவளையும் கைக்குழந்தையையும் படகு வைத்துத்தான் மீட்டார்கள்.

மாநகராட்சியிலிருந்து அளக்க வந்தவர்கள் பழைய வரைபடத்தைக் காட்டினார்கள். மேல் ஏரி நிரம்பினால் கீழ் ஏரிக்குத் தண்ணீர் போன ராஜகால்வாய் மேல்தான் நம் வீடு நிற்கிறதாம். இடிக்க வேண்டும் என்று சுவரில் சிவப்புக் குறி போட்டுவிட்டார்கள். தெருவே கேஸ் போடப் போகிறது. நான் என்ன செய்யட்டும்?

உங்கள் மித்ரா

மஸ்கட்,
3.11.2024

அன்பு மித்ரா,

கேஸில் சேர்ந்துவிடு. எதிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடாதே. இத்தனை வருஷம் இந்த வெயிலில் நான் நிற்பது அந்த வீட்டுக்காகத்தானே? இங்கே மழையே இல்லை. கண்ணை மூடினால் நீ மொட்டை மாடியில் துணி காயப்போடுவது தெரிகிறது. அதுவும் இல்லாவிட்டால் எனக்கு என்ன இருக்கிறது?

தினேஷ்

ஸ்ரீராம்புரம், பெங்களூரு,
9.12.2024

மாமாவுக்கு,

கோபப்படாமல் படியுங்கள். லட்சுமம்மா வந்தாள். சண்டைக்கு வரவில்லை. "உங்க வீடு இருக்கிறவரைக்கும் மழை பேஞ்சா நான் குழந்தையைத் தூக்கிட்டு நிக்கணுமா அக்கா?" என்று மட்டும் கேட்டாள். வீட்டை இடிக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

போன வாரம் இடித்தார்கள். நேற்று நல்ல மழை. போய்ப் பார்த்தேன். நம் ஹால் இருந்த இடத்தில் தண்ணீர் தடையில்லாமல் ஓடியது. அழுதேன் மாமா. ஆனாலும் அது ஏரிக்குப் போய்ச் சேரும்வரை கூடவே நடந்தேன். ஏரியைத் தூர்வாரப் போகிறார்களாம்.

இப்போது அக்கா வீட்டில் இருக்கிறேன். திட்டியாவது எழுதுங்கள்.

மித்ரா

மஸ்கட்,
2.2.2025

என் மித்ராவுக்கு,

கோபம்தான். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

நேற்று சூப்பர்வைசர் லாயிட் கூப்பிட்டு, "தினேஷ், இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கான்ட்ராக்ட் போட்டுடலாமா?" என்றார். பேனாவையும் எடுத்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காக, மாடிக்காக என்று சொல்லித்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை சொல்ல ஒன்றும் இல்லை. நீ அழுதுகொண்டே தண்ணீரோடு தனியாக நடந்துபோனதுதான் மனசில் நின்றது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச்சில் வருகிறேன். உன் அக்கா வீட்டுப் பக்கத்திலேயே ஒரு ரூம் பார்த்து வை. சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. மேடான இடமாகப் பார்.

உன் தினேஷ்