பாட்டு நின்ற இடம்

அளம்பில்,
முல்லைத்தீவு.
02.12.2023

என் அன்பு மகள் டிலுசாவுக்கு,

அம்மாவும் நானும் ஆண்டவர் தந்த அளவுக்குச் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகனும் அந்தக் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்க மன்றாடுகிறோம். இங்கே ஐந்து நாளாக மழை விடவில்லை. வள்ளங்கள் எல்லாம் கரையில் குப்புறக் கிடக்கின்றன. அம்மாவுக்கு மறதி கூடிவிட்டது. நேற்றுக் குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டு, "உங்கட நாக்குத்தான் பிழை" என்கிறார்.

நீ ஊருக்கு வந்த சுதர்சினியிடம் கொடுத்துவிட்ட சாமான்கள் வந்து சேர்ந்தன. பென்ட்ரைவும் வந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் கேட்டிருப்பேன். நீ எடுக்கும்போது அம்மா என் பக்கத்திலேயே இருக்கிறார்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் புதுப்பாடம் தொடங்குமுன் பழையதை ஒருமுறை சொல்லிக்கொள்வது என் பழக்கம். 2008 மார்கழியில் சண்டையால் இடம்பெயர்ந்து உடையார்கட்டில் இருந்தபோது, மரத்தின் கீழ் நடந்த எங்கள் பள்ளிக்கூடத்து நத்தார் ஒளிவிழாவுக்கு நான் எழுதிய பாட்டு அது. 'கடற்கரைக் குடிலில் பிறந்தார்' என்று தொடங்கும். சைக்கிள் டைனமோவில் றெக்கோடரை ஓடவிட்டு ஒத்திகையைக் கசெற்றில் பதிந்தோம். நீ பதினொரு வயதுப் பிள்ளை, முன்வரிசையில் நின்றாய். அண்ணா றெஜி பின்வரிசையில். அந்தப் பதிவில், இரண்டாம் அடியில் ஒரு குரல் 'புறந்தார்' என்று பாடும். உடனே நான் நிறுத்துவேன்.

"நிப்பாட்டு! றெஜி, என்னடா புறந்தார்? பிறந்தார் எண்டு சொல்லு."

"நான் சரியாத்தான் சேர் சொன்னனான்."

"கதைக்காத. நாளைக்கும் வா. வாய் திருந்துமட்டும் வா."

"ஓம் சேர். அம்மா புட்டு அவிச்சு வைச்சிட்டுத் தேடப்போறா, இப்ப விடுங்கோ அப்பா."

பள்ளிக்கூடத்தில் 'சேர்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது நம் வீட்டுச் சட்டம். அவன் வாய் தவறி 'அப்பா' என்றதும் பிள்ளைகள் எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு அந்த அடியை மறுபடி பாடி மேலே போவார்கள். மறுநாள் அவன் தனியே ஒத்திகைக்கு வரும் வழியில் செல் குண்டு விழுந்தது. அவனுக்குப் பதினாறு வயது.

அந்தக் கசெற்றைப் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களோடு பொலித்தீனில் சுற்றி, எல்லா இடமும் கொண்டு திரிந்து, காப்பாற்றி வைத்தவர் அம்மா. மீள்குடியேறிய நாள் முதல் ஒவ்வொரு மார்கழியும் அதைத்தான் போடுகிறோம். பாட்டுக்காக அல்ல. மற்ற இடமெல்லாம் இருபது குரலுக்குள் அவன் குரல் கரைந்து போகிறது. அந்த ஒரு இடத்தில்தான் தனியாகப் பேசுகிறான். அவன் பேசி முடித்ததும் அம்மா கதிரையில் இருந்தபடியே, "தேடேல்லையடா, ஆறுதலா வா" என்று பதில் சொல்வார். நீயும் கேட்டிருக்கிறாய்.

பிள்ளை, நீ ஆவணியில் வந்து, 'நாடா இழுபடுகிறது, கணினியில் ஏற்றித் தாறன்' என்று கசெற்றைக் கொண்டுபோனாய். நேற்றுப் போட்டோம். பாட்டு மிகத் தெளிவு. ஆனால் அது நிற்கவே இல்லை. நேரே அடுத்த அடிக்குப் போய்விட்டது. அம்மா பதில் சொல்ல வாயைத் திறந்தார், பாட்டு அவரைத் தாண்டிப் போய்விட்டது. "நான் நித்திரையாகீட்டனோ?" என்று என்னிடம் கேட்டார்.

கரும்பலகையைப் பார்த்து எழுதும் பிள்ளைகள், இரண்டு வரி ஒரே சொல்லில் முடிந்தால், நடுவில் உள்ள வரியை விட்டுவிட்டு எழுதுவார்கள். கவனக்குறைவு என்று அடிக்கக்கூடாது, கண் செய்யும் வேலை அது. இதுவும் அப்படி ஏதோ நடந்திருக்கும். கசெற்றை மட்டும் பத்திரமாக அனுப்பிவிடு. பழைய றெக்கோடரை இங்கே திருத்தலாம். நத்தாருக்கு முன் வந்தால் அம்மாவுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அன்பு முத்தங்களுடன்,
அப்பா
யாக்கோப்பு


லா கூர்நெவ்,
பிரான்ஸ்.
13.12.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அம்மாவின் சீனி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. கிளினிக் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி எத்தனை தரம் சொல்லிவிட்டேன்.

பாட்டு விஷயம். அதைக் கணினியில் ஏற்றிய கடைக்காரத் தம்பி இங்கே பிறந்தவன். 'சேர், சேர்' என்று கேட்டதால் யாரோ வாத்தியார் யாரோ மாணவனை ஏசுகிறார் என்று நினைத்து, பாட்டுக்கு இடைஞ்சல் என்று அந்த இடத்தை எடுத்துவிட்டானாம். மகன்தான் அப்பாவைச் சேர் என்கிறான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? கசெற் அவனுடைய மெஷினில் சிக்கி அறுந்துபோனது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று சொன்னால் கோபிக்காதீர்கள் அப்பா. எத்தனையோ நத்தார்ப் பாட்டுகள் இருக்கின்றன. அதையே போட்டு அம்மாவை அழவைக்காமல், நல்ல சந்தோசமான பாட்டுகளைப் போடுங்கள். அதே பென்ட்ரைவில் நாற்பது பாட்டு ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

அம்மாவுக்கு என் முத்தங்கள்.

உங்கள் மகள்,
டிலுசா


அளம்பில்,
முல்லைத்தீவு.
27.12.2023

அன்பு மகள் டிலுசாவுக்கு,

உன் கடிதம் நத்தாருக்கு முதல் நாள் கிடைத்தது. சீனி நூற்று எண்பது. படம் எடுக்கத் தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நத்தார் முடிந்தது. பூசைக்குப் போய்வந்தோம். பக்கத்து வீட்டு நாகேஸ்வரி வழக்கம்போலக் கேக் சாப்பிட வந்தாள். பாட்டைக் கேட்டுவிட்டு, "மாஸ்டர், இந்தமுறை சைக்கிள் சத்தம் இல்லை. நான் இவ்வளவு காலமும் யேசு பாலன் சைக்கிளிலதான் வாறார் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்" என்றாள். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அவள் போன பிறகு, "திருப்பிப் போடுங்கோ" என்றார். போட்டேன். நான்கு தரம் போட்டேன். ஒவ்வொரு முறையும் கதிரையின் நுனிக்கு வந்து, அந்த இடம் போனதும் பின்னால் சாய்ந்துவிடுவார்.

ஐந்தாம் முறை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த இடத்தில் நானே பாட்டை நிறுத்திவிட்டு, அடுத்த அறையில் நின்று இரண்டு பேருக்கும் பேசினேன். "கதைக்காத, நாளைக்கும் வா" என்பது நன்றாகத்தான் வந்தது. "ஓம் சேர்" என்று தொடங்கியதும் அம்மா, "உது நீங்கள். வெளியில வாங்கோ" என்றார்.

நீ சொன்ன நாற்பது பாட்டையும் போட்டுப் பார்த்தேன். நல்ல பாட்டுகள். அம்மா குசினிக்கு எழும்பிப் போய்விட்டார்.

பிள்ளை, முப்பத்தொரு வருடம் நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் சாட்டுக் கேட்டவன். வீட்டுவேலை செய்யாத பிள்ளை உண்மையைச் சொன்னால் அதில் ஏதாவது ஒன்று இசகுபிசகாக இருக்கும். பொய் சொன்னால் எல்லாம் அளந்து வைத்ததுபோல் இருக்கும். உன் கடிதம் அப்படி இருந்தது. ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. பேச்சுக்குப் பிறகு பிள்ளைகள் அதே அடியை இரண்டாம் முறை பாடுவார்கள். அந்தத் தம்பி முதல் முறை பாடிய அடியையும் சேர்த்து எடுத்துவிட்டு, இரண்டாம் முறையை ஒட்டுத் தெரியாமல் பொருத்தியிருக்கிறான். நான் இருபது தரம் கேட்டும் ஒட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பாட்டை மனப்பாடமாகத் தெரிந்த ஒருவருக்குத்தான் அது முடியும்.

நீதானா என்று கேட்கவில்லை. நீயாக இருந்தால் ஏன் என்று மட்டும் கேட்கிறேன். கோபம் இல்லை.

என்றும் உன்,
அப்பா


லா கூர்நெவ்,
பிரான்ஸ்.
09.01.2024

அப்பா,

தம்பி என்று ஒருவரும் இல்லை. நான்தான் செய்தேன். வேலைக்கு லீவு போட்டுவிட்டு மூன்று நாள் இருந்து செய்தேன்.

முதலில் உங்களுக்காகத்தான் வெட்ட நினைத்தேன். இல்லை, அதுவும் பொய். உங்கள் மேல் உள்ள கோபத்தில். 'நாளைக்கும் வா' என்று நீங்கள் சொல்லாவிட்டால் அண்ணா அடுத்த நாள் பங்கருக்குள் எங்களோடு இருந்திருப்பார். பதினைந்து வருடமாக இதை உங்களிடம் சொல்லாமல், சீனியையும் சுவெற்றரையும் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மார்கழியும் அம்மா சிரித்துக்கொண்டு பதில் சொல்லும்போது, எனக்கு உங்கள் குரல் மட்டும்தான் கேட்கும்.

அந்த ஒரு வசனத்தை மட்டும் எடுக்கலாம் என்று ஹெட்போன் போட்டுக் கேட்டேன். சத்தத்தை எல்லாம் ஒன்றொன்றாகக் குறைத்தேன். சைக்கிள் போனது, காற்றுப் போனது, குரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. 'புறந்தார்' என்று பாடியது அண்ணா இல்லை. அது சின்னப் பிள்ளையின் குரல். றெக்கோடருக்குக் கிட்ட நின்ற பிள்ளை. அது நான் அப்பா.

அண்ணா 'நான் சரியாத்தான் சொன்னனான்' என்றது உண்மை. அவருக்கு ஆர் பிழை விட்டது என்றும் தெரிந்திருக்கும். என் பெயரைச் சொல்லவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் நின்று மற்றவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பிலும் என் சத்தம் இருக்கிறது.

கணினியில் இருந்ததை அழித்தேன். கசெற்றின் நாடாவை இழுத்துக் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டேன். மற்ற நாள் காலையில் ஓடிப்போய்ப் பார்த்தேன், குப்பை வண்டி வந்து போய்விட்டது.

உங்களுக்கு இது தெரியுமா? தெரியாது என்றால் இப்போது தெரிந்துவிட்டது. அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். என்னால் முடியாது. அம்மா என்னை ஏசட்டும்.

டிலுசா


அளம்பில்,
முல்லைத்தீவு.
24.01.2024

என் அன்பு மகள் டிலுசாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

எனக்குத் தெரியும் பிள்ளை. அன்றைக்கே தெரியும். பாட்டுச் சொல்லிக் கொடுப்பவனுக்கு இருபது பேரில் எந்த வாய் பிழை விட்டது என்று தெரியாமல் போகாது. அதற்கு ஹெட்போன் வேண்டாம்.

தன் பிள்ளை படிக்கும் வகுப்பில் படிப்பிக்கிற வாத்தியார்கள் எல்லோரும் ஒன்று செய்வார்கள். யார் குழப்படி செய்தாலும் முதல் அடி தன் பிள்ளைக்கு. அப்போதுதான் மற்றத் தாய் தகப்பன் ஓரவஞ்சனை என்று சொல்லமாட்டார்கள். நானும் அப்படித்தான். நீ பதினொரு வயது, ஏசினால் அழுவாய், பாட்டுக் குழம்பும். அவன் பெரியவன், தாங்குவான். அதனால் அவன் பெயரைச் சொன்னேன். இப்படி ஒரு கணக்கில் எடுத்துப் பார். சிலேட்டில் பிழையாக எழுதுவது பிள்ளையின் வேலை. திருத்துவது வாத்தியாரின் வேலை. பிழை உன்னுடையது, அது ஒரு எழுத்துப் பிழை. ஆளை மாற்றித் திருத்தியது நான். 'நாளைக்கும் வா' என்ற சொல் என்னுடையது. அதில் ஒரு பங்கையும் நீ எடுக்காதே.

இதைப் படித்ததும் உனக்கு ஆறுதல் வராது என்று தெரியும். எனக்கும் வந்ததில்லை. அம்மா அவனுக்குப் பதில் சொல்லும்போது, நான் பக்கத்தில் இருந்து மனதுக்குள், 'ஓமடா, நீ சரியாத்தான் சொன்னனீ' என்று சொல்வேன். பதின்மூன்று நத்தாராகச் சொன்னேன். இனி அதைச் சொல்ல எனக்கு இடம் இல்லை.

அம்மாவிடம் சொல்லச் சொன்னாய். நேற்றுப் பின்னேரம் சொல்லத்தான் கடிதத்தை எடுத்தேன். குடிலையும் கலைத்தாயிற்று, இனிப் பாட்டு வேண்டாம் என்றேன். "கடைசியா ஒருக்காப் போடுங்கோ" என்றார். போட்டேன். இந்தமுறை அவர் கதிரையின் நுனிக்கு வரவில்லை. முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இஞ்சருங்கோ," என்றார். "உந்தப் பாட்டில பிள்ளை ஒருநாளும் கதைக்கேல்லையோ? நானாத்தான் கதைக்கிறான் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனானோ?"

கடிதம் என் கையில் இருந்தது. உண்மையைச் சொன்னால் அவருக்கு மகனின் குரல் இருந்தது என்றாகும். அதை அழித்தது மகள் என்றும் ஆகும். இருக்கிற பிள்ளை நீ ஒருத்திதான்.

"ஓம் யூலிற்றா," என்றேன். "உமக்கு இப்ப மறதி கூடத்தானே."

பிறகு, "அப்ப உப்பும் இரண்டு தரம் போட்டிருப்பன்தான்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசி எடுக்கும்போது உன்னிடமும் கேட்பார். என்னை முழுதாக நம்பவில்லை. நீயும் ஓம் என்றே சொல். இரண்டு பேரும் ஒரே விடையைச் சொன்னால்தான் நம்புவார்.

அப்பா