மார்த்தாவின் வேலை முடிந்ததா?

முதலியார்பேட்டை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள செழியனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதித்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள், அதனால் எழுதிவிட்டேன், மேலே படித்தால் உனக்கே தெரியும். குர்கான் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு போகிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அந்தப் பிஸ்கட்டும் டீயும்தானா என்று தினமும் நினைக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நாலு நாளாக நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா குளிக்கிறாள், கடைக்குப் போயிருக்கிறாள் என்று உன் அப்பாவைச் சொல்ல வைத்தது நான்தான். உன் குரலைக் கேட்கப் பயமாக இருக்கிறது தம்பி. ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அக்கா துர்கா ஞாயிற்றுக்கிழமை கருவடிக்குப்பத்திலிருந்து வந்து போனாள். அவள் குழந்தை கவிநிலா நடக்க ஆரம்பித்துவிட்டாள், வீட்டில் ஒரு பாத்திரம் அதன் இடத்தில் இல்லை. மழை விட்டபாடில்லை, நம் தெருக் கால்வாய் வழக்கம்போல வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. உன் அப்பாவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது. காலையில் எழுந்து குளித்து பேன்ட் சட்டை போட்டு சேதராப்பட்டுப் பட்டறைக்குக் கிளம்புகிறவர் மாதிரியே தயாராகிறார், அப்புறம் டிவிக்கு எதிரே உட்கார்ந்துவிடுகிறார், டிவியைப் போடுவதும் இல்லை. பட்டறையைப் பூட்டி ஒரு மாதம் ஆகிறது. பீரோவும் ரேக்கும் செய்து உங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்த கை, இப்போது சும்மா மடியில் கிடக்கிறது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

போனில் உனக்கு அரைகுறையாகத்தான் சொன்னேன், முழுதும் கேள். பழைய வருஷங்களின் ஜி.எஸ்.டி. பாக்கி, அதற்கு வட்டி, அதற்கு மேல் அபராதம் என்று நோட்டீஸ் வந்திருந்தது. கணக்கு எழுதுகிற ஆள் செய்த தப்புதான், ஆனாலும் பட்டறை நம் பெயரில் இருக்கிறது. வரியை மட்டும் மார்ச் கடைசிக்குள் கட்டிவிட்டால் வட்டியும் அபராதமும் தள்ளுபடி என்று அரசாங்கமே அறிவித்திருந்தது. என் செயினையும் துர்காவின் வளையலையும் வைத்துப் பணம் புரட்டியாயிற்று, கட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து போனில் ஒரு விளம்பரம், வரிக் கடனா, கவலை வேண்டாம் என்று. இவர் அதில் தன் நம்பரைப் போட்டார், டீ ஆறுவதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். சென்னை வக்கீல் கம்பெனியாம், பேசின பெண்ணின் பெயர் சுமலதா. முழு வரி எதுக்கு சார் கட்டணும், எங்க வக்கீலுங்க பேசி பாதியாக்கிடுவாங்க, நீங்க ஆபீஸ் பக்கமே போவாதீங்க, நோட்டீஸுக்கும் பதில் போடாதீங்க, எல்லாம் நாங்க பாத்துக்குறோம் என்றாள். வரிக்கு வைத்திருந்த பணத்தில் பாதி அவர்கள் பீஸுக்குப் போயிற்று. மிச்சமும் மாதா மாதம் போயிற்று. மார்ச் போயிற்று. தள்ளுபடியும் போயிற்று. அவர்கள் ஒரு காகிதம்கூடத் தாக்கல் செய்யவில்லை என்பது, பேங்கில் அப்பாவின் கணக்கை முடக்கின பிறகுதான் தெரிந்தது.

சென்னைக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, ஏசி, கேட்காமலே காபி. உன் வயசுதான் இருக்கும் அந்த வக்கீல் பையனுக்கு, நீங்கள் கொடுத்தது பைலைப் படித்துப் பார்ப்பதற்கான பீஸ், மனு போடுவதற்குத் தனி பீஸ், ஒப்பந்தத்தில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். திருப்பித் தரமாட்டார்களாம். அப்பா கத்தினார், அவர் கத்தி நான் பார்த்ததே இல்லை. வீடு வந்து சேர்ந்த பத்தாம் நாள் அவர்களே நமக்கு வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார்கள், மிச்சத் தவணையைக் கட்டச் சொல்லி. எப்படி இருக்கிறது பார். துர்கா வீட்டுக்காரருக்குத் தெரிந்த வக்கீல் ஜானகிராமன் நுகர்வோர் கோர்ட்டில் கேஸ் போடலாம் என்கிறார், ஆனா வருஷக்கணக்காவும்மா, ஜி.எஸ்.டி. ஆபீஸ் அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்காது, மொதல்ல பணத்தக் கட்டி மெஷினக் காப்பாத்துங்க என்றும் அவரேதான் சொல்கிறார். தகடு வெட்டுகிற மெஷினையும் வளைக்கிற மெஷினையும் ஜப்தி செய்துவிட்டால் அப்பா அவ்வளவுதான், நான் பட்டறையைச் சொல்லவில்லை, அவரைச் சொல்கிறேன்.

இனிமேல் எழுதுவதுதான் நான் எழுத வந்தது. சுமலதா முதல் நாள் பேசும்போது அப்பா ஸ்பீக்கரில் போட்டிருந்தார், நான் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க சார் என்று அன்பாகக் கேட்டாள். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள், உன் பெயர் அழகாக இருக்கிறது என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, கதவுல நோட்டீஸ் ஒட்டிட்டுப் போவாங்க சார், அக்கம்பக்கம் பாக்கும் என்றாள். அப்புறம் ஒன்றும் பேசவில்லை, லைன் கட்டாகிவிட்டதோ என்று தோன்றுகிற வரைக்கும் பேசவில்லை. என் கை அப்படியே நின்றுவிட்டது. கொரோனா வருஷம் நீ நடு ரூமில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அமெரிக்காக்காரர்களிடம் வரிக் கடனைக் குறைத்துத் தருகிறோம் என்று பேசினாயே, எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் ஆறு மாதம் கேட்டதில் அந்த ராகம் மனப்பாடம். என்னடா திடீரென்று ஊமையாகிவிடுகிறாய் என்று கேட்டதற்கு, மொதல்ல குடும்பத்தப் பத்திக் கேக்கணும்மா, அப்புறம் பயமுறுத்தணும், அப்புறம் வாய மூடிக்கணும், அந்தச் சும்மா இருக்கறதுல அவங்களே கார்டு நம்பரச் சொல்லிடுவாங்க என்று நீதான் சொன்னாய். நான் சிரித்தேன். என் பிள்ளைக்கு எவ்வளவு சாமர்த்தியம் என்று துர்காவிடமும் சொன்னேன். அன்றைக்கு உன் அப்பா வாயைத் திறந்து கார்டு நம்பரைச் சொல்லும்போது, என் பிள்ளை குர்கானில் இன்றைக்கும் செய்கிற வேலைதானே, நல்ல கம்பெனியாகத்தான் இருக்கும் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

அந்தப் பெண்ணைத் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. சென்னையிலிருந்து வந்த அன்று அப்பா அவளைக் கூப்பிட்டுக் கத்தினார், அவள் அழுதுவிட்டாள், நான் சம்பளத்துக்குப் பேசறவ சார் என்றாள். பணத்தைப் பறிகொடுத்த மனுஷன், அழாதம்மா, நீ என்ன பண்ணுவ, சாப்ட்டியா என்று அவளைத் தேற்றினார். நான் அடுப்படியில் நின்று அழுதேன். எதற்கு அழுதேன் என்று உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

போன வாரம் என் கணக்கில் நீ போட்ட பணம் வந்து சேர்ந்தது. இன்சென்டிவ் வந்ததும்மா, மொத்த பாக்கியையும் அடைச்சிடுங்க என்று மெசேஜ் போட்டிருந்தாய். அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. இரண்டு தடவை பேங்க் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். வருகிற திங்களுக்கு அடுத்த திங்கள்தான் ஜி.எஸ்.டி. ஆபீஸ் வைத்த கெடு.

உனக்கு மார்த்தாவை ஞாபகம் இருக்கிறதா? நீ பிடித்த முதல் ஆள். புருஷன் போய்விட்டான், தனியாக இருக்கிற கிழவி, பூனை வளர்க்கிறாள், என்னை மகனே என்று கூப்பிட்டாள் என்று ஓடி வந்து சொன்னாய். அன்றைக்குக் கேசரி கிண்டினேன். அப்புறம் அவளைப் பற்றி நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். அவள் வரி குறைந்ததா? மனு போட்டார்களா? இல்லை, அவளும் பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்த நம் வீட்டு ஆள் மாதிரி எங்கேயாவது உட்கார்ந்திருக்கிறாளா? அவள் வேலை முடிந்தது என்று நீ எழுதினால் அன்றைக்கே இந்தப் பணத்தைக் கொண்டுபோய்க் கட்டுகிறேன். இல்லையென்றால் மெஷின் போகட்டும், அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், பணத்தை உனக்கே திருப்பிவிடுகிறேன், யாருக்குச் சேர வேண்டுமோ உனக்குத் தெரியும்.

உன்மேல் கோபம் இல்லை கண்ணு. செவ்வாய் வெள்ளி விளக்கு ஏற்றும்போது முதலில் உன் பெயரைத்தான் சொல்கிறேன், நீ நல்ல உடம்போடும் நல்ல தூக்கத்தோடும் இருக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வை. பதிலைக் கடிதத்தில் எழுதி, கூரியரில் அனுப்பு. போனில் சொல்லாதே. போனில் நீ நன்றாகப் பேசுவாய்.

இப்படிக்கு
உன் அம்மா
கமலவேணி