அரசப்பன் மாமா கட்டிய பேனர்

ஜனவரி 21

வலங்கைமான் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குத் திரும்பும் முனையில் என் முகம் பத்தடிக்குத் தொங்குகிறது. 'செவ்வாய் கிரகத்தில் மணல்மேடு நகர்வதைக் கண்டுபிடித்த எங்கள் வீட்டுப் பிள்ளை அனுசுயா'. அரசப்பன் மாமா கட்டியது. டீக்கடைக்கார அண்ணன், "நம்ம ஆத்து மணல லாரி வச்சுல்ல நகத்துறாங்க. அங்க தானாவே நகருதாக்கும்" என்றார். சிரித்தேன். உள்ளுக்குள் பெருமைதான், பொய் சொல்வானேன்.

ஜனவரி 24

விண்கலம் இரண்டு வருட இடைவெளியில் எடுத்த படங்கள். இரண்டாவதில் மேட்டின் ஓரம் நான்கு மீட்டர் தள்ளியிருந்தது. அதை எழுதி மாநாட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. இன்று சும்மா எடுத்துப் பார்த்தேன் — இரண்டாவது படத்தில் வெயில் சாய்ந்து விழுகிறது. பக்கத்துப் பாறைகளின் நிழல்கூட நீண்டிருக்கிறது. நான் அளந்தது மேட்டின் ஓரத்தை இல்லை. நிழலின் ஓரத்தை.

ஜனவரி 25

யாரிடமும் சொல்லவில்லை.

ஜனவரி 28

பேனர் முனையில் இறங்காமல், பஸ்ஸில் அடுத்த ஸ்டாப் வரை போய் இறங்கி வரப்பு வழியாக வந்தேன். என் மூஞ்சிக்கு நானே பயந்து ஒளிகிறேன். சின்னப் பிள்ளைகூட வெயில் எந்தப் பக்கம் என்று பார்க்குமே. சீ. "ஏன்டி சுத்திக்கிட்டு வர்ற?" என்றாள் அம்மா. கால் வலி என்றேன். அதற்கு யாராவது சுற்றி வருவார்களா?

ஜனவரி 30

என் ஆராய்ச்சிக்குக் கைடான வள்ளியம்மை மேடத்திடம் சொல்லிவிட்டேன். இரண்டு படங்களையும் வெகுநேரம் பார்த்தார். "நானும்தானேம்மா பாத்துட்டு அனுப்பச் சொன்னேன்." திட்டியிருக்கலாம். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக நானே மெயில் போட்டேன். மாமாவிடம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது?

பிப்ரவரி 2

அறுத்த சம்பா நெல் களத்தில் கிடக்க, மதியமே வானம் கறுத்துவிட்டது. தார்ப்பாய் பத்தவில்லை. மாமா முனைக்கு ஓடிப் பேனரை அவிழ்த்தார். பின்னாலேயே போனேன்.

"மாமா, அந்த மேடு நகரல. நான் தப்பா அளந்துட்டேன். உங்களப் பாத்துத்தான் ஊரே சிரிக்கப் போவுது." அழுதுவிட்டேன்.

அவர் கயிற்றை விடவில்லை. என்னையும் பார்க்கவில்லை. கடைசி முடிச்சையும் அவிழ்த்துவிட்டு, "சரி, அந்த முனையப் புடி. தூத்தல் போடுது" என்றார்.

இருவருமாக இழுத்து வந்து குவியலை மூடினோம். "உன் மூஞ்சி மேலதான் செங்கல்லு வச்சிருக்கேன், கோவிச்சுக்காத" என்றாள் அம்மா.

பிப்ரவரி 3

விடிய விடிய மழை. நெல் நனையவில்லை.

பிப்ரவரி 6

இன்று முனையிலேயே இறங்கினேன். கம்பு இரண்டும் வெறுமனே நின்றன. "என்னம்மா, உன் மேடு எதுவரைக்கும் போயிருக்கு?" என்றார் டீக்கடைக்கார அண்ணன்.

"அது நகரலண்ணே. நான்தான் தப்பா அளந்துட்டேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முகம் எரிந்தது. ஒரு டீ போடச் சொல்லி, குடித்துவிட்டுத்தான் வந்தேன்.