ஆய்வகக் கதவில் கட்டிய நமேலே ஓலை

அன்பான அம்மாவுக்கு, உங்கள் டாபி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நம் தீவில் மழை விட்டதா?

இங்கே ஆஸ்திரேலியாவில் ஒரு சின்ன விஷயம் நடந்தது, பதறாதீர்கள். கொசுப்புழுவைக் கொல்லும் நம் குடும்பத்து இலையின் பெயரை வெளியே சொல்லமாட்டேன் என்று என் பேராசிரியர் உங்கள் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தாரே. போன வாரம் பெரிய கூட்டத்தில் அதன் பெயரையும் அது வளரும் ஓடையையும் திரையில் போட்டுக் காட்டிவிட்டார். கேட்டால், "கோவிச்சுக்காதப்பா, கடைசியில உங்கம்மாவுக்கு நன்றி போட்டிருக்கேனே" என்று தோளைத் தட்டுகிறார்.

மறுநாளே பூங்காவிலிருந்து நமேலே ஓலை இரண்டு ஒடித்துவந்து, இலைச்சாறு வைத்திருக்கும் அறைக்கதவில் குறுக்காகக் கட்டினேன். நம் ஊரில் அது கட்டியிருந்தால் உள்ளே போகத் தடை, ஊர்த்தலைவர்கூடத் தாண்டமாட்டார். இவர்களோ, "அழகா இருக்கே, என்ன பண்டிகை?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார்கள்.

மூன்று நாளில் அறைக்குள் குப்பை வழிந்தது. துப்புரவு செய்யும் எஸ்லின் அக்கா நம் நாட்டு டன்னாத் தீவுக்காரி. வாளியோடு வாசலிலேயே நிற்கிறாள். "நமேலே கட்டியிருக்கே தம்பி, எப்படி உள்ள போவேன்?"

பேராசிரியர் இலை கேட்டு எழுதினால் அனுப்பாதீர்கள். எனக்கு நீங்கள் முடைந்த பாய் ஒன்று போதும். இங்கே தரை சில்லென்றிருக்கிறது.

வெளியே மேலாளர் அக்காவைத் திட்டுகிறார், வேலை போய்விடுமாம். கட்டியவன்தானே அவிழ்க்க வேண்டும். போகிறேன் அம்மா.

டாபி