ஏழாம் எண் சோமாஸ்

ஞாயிறு, இரவு.

திருச்செங்கோட்டில் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பலகாரச் சுவை விழா இன்று நடந்தது. தொலைக்காட்சிச் சமையல் போட்டியில் பங்கேற்ற இருவர் விருந்தினராக வந்திருந்தனர். தட்டுகளில் எண் மட்டுமே. நான் வழக்கறிஞர் என்பதால், செய்தவர்களின் பெயர்கள் என் வசம் உறையில் இருந்தன.

விருந்தினருள் ஒருவரான இளம்பெண் ஏழாம் எண் சோமாஸைத் திருப்பிப் பார்த்தார். "மடிப்பெல்லாம் எதிர்ப்பக்கமா ஓடுது. செஞ்சவங்க இடக்கைக்காரங்க" என்று சிரித்தார்.

பரிசும் அதற்கே என்று முடிவானதும் உறையைப் பிரித்தேன். என் கட்சிக்காரர் செந்திலின் தாயார் பெயர் இருந்தது.

"ஒத்தையாளா உக்காந்து நாந்தானுங்க சாமி மடிச்சேன்" என்று எழுந்து வந்தவர், பரிசுப் பதிவேட்டில் வலக்கையால் கையெழுத்திட்டார்.

இடக்கைப் பழக்கம் செந்திலின் மனைவி கோமதிக்கு உண்டு. திருமணப் பதிவின்போது அவர் இடக்கையால் கையெழுத்திட்டதற்கு இதே மாமியார் என் எதிரில் முகம் சுளித்தார். கோமதி ஈராண்டுக்கு முன் வீட்டைவிட்டுச் சென்றார், இருப்பிடம் தெரியாது என்று விவாகரத்து மனுவில் எழுதியவன் நான்.

மாலையில் செந்திலைத் தொலைபேசியில் அழைத்து, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"நானும் அம்மாவுந்தானுங்க. வேற ஆரு இருக்கறாங்க?"

"ஆருடா போன்ல? வக்கீலய்யாவா?" என்று தாயாரின் குரல் அவர் அருகிலேயே கேட்டது. தாயார் பேசும்போதே, உள்ளே வேறு யாரோ பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்கள். செந்தில் போனைக் கையால் பொத்தினார். கையை எடுத்தபோது அந்தச் சத்தம் இல்லை.

கூலிக்கு வந்த பெண்ணாக இருக்கலாம். அப்படியானால் பொத்த வேண்டியதில்லை.

விடிந்ததும் மகளிர் காவல் நிலையத்துக்குச் சென்று, அங்குள்ள காவலர்களோடு அந்த வீட்டுக்குப் போவேன். செந்திலுக்குச் சொல்லப் போவதில்லை. நான் கேட்ட கேள்வியே அவரை எச்சரித்திருக்குமோ என்பதுதான் என் கவலை.