புஷ்ஷில் ஒட்டிய பிசின்

திருக்கோகர்ணம்,
புதுக்கோட்டை.
5.1.2026

அன்புள்ள மெய்யம்மை ஆச்சிக்கு,

ஷர்லி எழுதுவது. இங்கே நலம். நீயும் நலமாக இரு. இதைப் படித்தபின் கொஞ்ச நேரம் இருக்கமாட்டாய். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய், நான் வைத்துவிடுவேன். பார்சலுக்குள் கடிதம் வைத்தால் முழுதும் படித்துத்தான் தீரவேண்டும்.

எங்கள் ஆஸ்பத்திரியில் நான் ஓட்டும் கதிர்வீச்சு மெஷின் நின்றுவிட்டது. கதிரைப் புற்றுக்கட்டியின் வடிவத்துக்கு மறைத்துக் கொடுக்கும் டங்ஸ்டன் தகடுகளில் சில நகர மறுக்கின்றன. தகடு சொன்ன இடத்துக்கு வராவிட்டால் மெஷின் தானாகவே நின்றுவிடும், அதனால் யாருக்கும் தப்பாகக் கதிர் போகவில்லை. ஆனால் நோயாளிகள் திருச்சிக்கு பஸ் ஏறுகிறார்கள். ஆவூர் அடைக்கலமேரி அக்கா தொண்டைப் புண்ணோடு வந்து, "ஏம்மா, ஒம் மெஷினுக்குமா சீக்கு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

தகடு உரசாமல் வழுக்கி ஓடத் தாங்கும் உறை நீ வடிவமைத்த பிளாஸ்டிக் புஷ்தான். பழைய டெஃப்லான் புஷ் கதிர் பட்டு மாவாக உதிர்கிறது, என்னுடையது வருஷக்கணக்கில் தாங்கும் என்று மார்தட்டினாயே! கழற்றி அனுப்பியிருக்கிறேன், எப்படிக் கறுத்துக் கிடக்கிறது பார். புஷ்தான் காரணம் என்று எங்கள் பெரிய டாக்டர் உன் கம்பெனிக்கு எழுதப்போகிறார். கோபிக்காதே.

டேவிட் வழக்கம்போல் ஆஸ்பத்திரி ஜெனரேட்டரையும் லிஃப்டையும் கட்டிக்கொண்டு அழுகிறார். கட்டிய பெண்டாட்டி நினைவு வருவது ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான். கிறிஸ்துமஸுக்கு நீ வரவில்லை என்று அவருக்கு வருத்தம். உனக்கு எடுத்து வைத்த அதிரசத்தை அவரே தின்று வருத்தத்தைத் தீர்த்துக்கொண்டார்.

உன்,
ஷர்லி

பெங்களூர்,
9.1.2026

அன்புள்ள ஷர்லி,

கோபிக்காதே என்று எழுதினால்தான் எனக்குக் கோபம் வரும். கல்லூரியிலிருந்தே உனக்கு இது தெரியும்.

புஷ் வந்தது. கறுப்பு மேலே இருக்கிறது, உள்ளே இல்லை. வளைத்துப் பார்த்தேன், சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். விரிசல் இல்லை, பொடி உதிரவில்லை. என் பிள்ளை சௌக்கியம்.

மேலே ஒட்டியிருப்பது கிரீஸ். எங்கள் மெஷினுக்கென்று தனிக் கிரீஸ் உண்டு, கதிர் பட்டாலும் சீக்கிரம் இறுகாது. இதுவோ பஸ் சக்கரத்துக்குப் போடுகிற சாதாரணக் கிரீஸ். கதிர் படப்பட இறுகிப் பிசினாகிவிடும். நகத்தால் சுரண்டினாலும் வரமாட்டேன் என்கிறது. அதில்தான் தகடு மாட்டிக்கொண்டது.

எங்கள் சர்வீஸ் ஆளைக் கேட்டுவிட்டேன், அவர் வைக்கவில்லை. அப்படியானால் மெஷின் மூடியைத் திறந்து கிரீஸ் வைத்த மகராசன் யார்? விசாரித்து எழுது. டேவிட் அண்ணனிடம் அதிரசத்துக்காகப் பிறகு வழக்குப் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மெய்யம்மை

திருக்கோகர்ணம்,
13.1.2026

அன்புள்ள மெய்யம்மை,

யார் என்று கேட்டாய். டேவிட்.

ஆஸ்பத்திரி ஆயுத பூசைக்கு எப்போதும் அவர்தான் முன்னால் நிற்பார். வேதக்காரருக்கு இதில் என்ன இவ்வளவு ஆசை என்று நீயே கேலி செய்திருக்கிறாய். போன அக்டோபரிலும் ஜெனரேட்டர், லிஃப்ட், ஆம்புலன்ஸ் எல்லாவற்றையும் துடைத்து, கிரீஸ் வைத்து, சந்தனப் பொட்டு வைத்தார். கதிர் அறைச் சாவியையும் கேட்டார். பொட்டு வைக்கத்தானே என்று கொடுத்துவிட்டு, நான் பொரிகடலைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன்.

நேற்றுக் கேட்டேன். "எல்லா மெஷினுக்கும் வச்சேன் ஷர்லி. உசிரக் காக்குற மெஷினுக்கு மட்டும் வஞ்சகம் பண்ணலாமா? மூடியக் கழட்டி நல்லாவே வச்சேன்" என்கிறார். பிசின் கதையைச் சொன்னதும் முகம் செத்துப்போனது. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

தெரிந்தால் வேலை போய்விடும். புஷ் தேய்ந்துவிட்டது என்று உன் கம்பெனிக்கு நீ ஒரு வரி எழுதினால் போதும். உனக்கு வேறு புஷ் செய்யத் தெரியும். எனக்கு வேறு டேவிட் இல்லை.

ஷர்லி

பெங்களூர்,
19.1.2026

அன்புள்ள ஷர்லி,

எழுதமாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஒரு வரியை எழுதினால், எல்லா ஊரிலும் என் புஷ்ஷைக் கழற்றிவிட்டு, உதிர்கிற டெஃப்லானை மறுபடி மாட்டுவார்கள். அடுத்த ஆயுத பூசைக்கு வேறோர் ஊரில் வேறொரு டேவிட் பாசத்தோடு மூடியைத் திறப்பார். அடைக்கலமேரி அக்கா மாதிரி இன்னும் எத்தனை பேர் பஸ் ஏறுவது? சிநேகிதத்தைக் காட்டிப் பொய் கேட்டாயே, அதில் எனக்கு வலித்தது. சொல்லிவிட்டேன், அத்தோடு சரி.

எங்கள் மேலும் தப்பு உண்டு. மூடியில் இருக்கும் எச்சரிக்கை முழுக்க இங்கிலீஷ். தமிழில் ஒரு சொல் இல்லை. அதையும் என் அறிக்கையில் எழுதத்தான் போகிறேன்.

அறிக்கையை அடுத்த வாரக் கடைசியில் கொடுப்பேன். அதற்குள் அண்ணன் தன் வாயாலேயே சொல்லிவிடட்டும். மறைத்தால்தான் வேலைக்கு ஆபத்து. தானே வந்து சொன்ன மனிதரை அனுப்பிவிட்டு, அந்தக் கிழட்டு ஜெனரேட்டரை யாரை வைத்து ஓட்டுவார்கள்? எனக்குப் பயமே இல்லை. நீயும் பயப்படாதே.

சரியான கிரீஸ் டப்பாவும் புதுப் புஷ்களும் சர்வீஸ் ஆளிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

என்றும் உன்,
மெய்யம்மை

திருக்கோகர்ணம்,
2.2.2026

அன்புள்ள ஆச்சிக்கு,

இத்தனை நாளாக உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன், அதனால் எழுத நேரமில்லை.

உன் கடிதத்தை டேவிட் என் கையிலிருந்து வாங்கிப் படித்தார். "ஆச்சி சரியாத்தான் சொல்லுது. நான் போறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு பெரிய டாக்டர் அறைக்குப் போய்விட்டார். நான் வெளியே ஜெபமாலையோடு நின்றேன். உள்ளே டாக்டர் கத்துகத்தென்று கத்தினார். மெமோவும் கொடுத்தார். கடைசியில், "சரி சரி, அங்கிட்டு லிஃப்ட் நிக்குதாம், போய்ப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். லிஃப்டுக்கு இப்படி ஒரு நன்றி சொல்வேன் என்று நினைக்கவே இல்லை.

உன் ஆள் வந்து தகடுகளைக் கழுவி, புஷ் மாற்றி, உங்கள் கிரீஸைக் கடுகளவு வைத்தார். டேவிட் பக்கத்திலேயே கைகட்டி நின்று பார்த்தார். இன்று காலை அடைக்கலமேரி அக்காதான் முதலில் படுத்தார். தகடுகள் ஓடிய சத்தம் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

கதிர் அறைக் கதவில் டேவிட் தன் கையாலேயே சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கிறார்: "பொட்டு வைக்கலாம். கிரீஸ் வைக்கக் கூடாது."

ஆயுத பூசைக்கு வந்து சேர். சாவியை இனி உன் கையில்தான் கொடுப்பேன்.

உன்,
ஷர்லி