சீட்டின் பின்பக்கம்

யேனா, 1874 செப்டம்பர் 7

துவைக்கும் வேலை இன்றோடு முடிந்தது. நாளை முதல் பேராசிரியர் வீக்லெப் வீட்டில் எழுத்து வேலை. பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு! கையெழுத்துதான் காப்பாற்றியது. யாரோடும் பேச வேண்டியதில்லை, அது அதைவிடச் சந்தோஷம்.

செப்டம்பர் 9

மனசுக்கே தெரியாமல் மனசுக்குள் நடப்பதைப் பற்றிப் பேராசிரியர் புத்தகம் எழுதுகிறார். நம் நாட்டில் யார் எப்போது அதைச் சொன்னார்கள் என்று ஆறு பெட்டி நிறையச் சீட்டு எழுதி வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் நான் படி எடுக்க வேண்டும். ஒரு வரிகூட விடக் கூடாதாம். தலையாட்டினேன்.

செப்டம்பர் 14

ஒவ்வொரு அலையின் சத்தமும் நம் காதில் விழுகிறதாம், நமக்குத்தான் தெரிவதில்லையாம். எல்லாம் சேர்ந்ததுதான் கடல் இரைச்சல். நூற்றைம்பது வருஷத்துக்கும் முன்பே ஒருவர் சொல்லிவிட்டார்.

அவருக்குப் பின்னால் வந்த ஒருவர், நினைப்புகள் மனசின் வாசற்படிக்குக் கீழே முண்டியடித்துக்கொண்டு நிற்கின்றன என்கிறார். இது புரிந்தது. நான் பேசாத பேச்செல்லாம் அங்கேதான் நிற்கிறது.

செப்டம்பர் 21

சில சீட்டுகளின் பின்பக்கமும் எழுத்து இருக்கிறது. சின்னதாக, சாய்வாக. ஒன்றில், ஜன்னல் சரியாகச் சாத்த மாட்டேன் என்கிறது என்று. கேட்க வாய் வரவில்லை. அதையும் சேர்த்தே எழுதினேன். அலையைப் பற்றி எழுதுகிறவர்கள் ஜன்னலைப் பற்றியும் எழுதுவார்கள்போல.

செப்டம்பர் 26, சனி

செத்தேன்.

வழக்கமான சனிக்கிழமைக் காப்பிக்கு ஐந்து பேர் வந்திருந்தார்கள். பேராசிரியர் என் படியை வாசித்துக் காட்டினார். கடல் அலை முடிந்தது. அதே கம்பீரத்தோடு தொடர்ந்தார்: "முப்பது வருஷமா இந்தக் கடலைப் பத்தியே கேட்டுக்கிட்டிருக்கேன். ஒரு தடவை கண்ணால பாக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். தாடிக்காரர் ஒருவர் ஆழமான வரி என்றார், யார் சொன்னது என்று கேட்டார்.

"நான்தான்," என்றார் கேக் தட்டோடு நின்ற வீட்டம்மா. "வாயால சொன்னா காதுல ஏறாதுன்னு சீட்டுல எழுதி மேஜையில வெப்பேன். இவரு அதைத் திருப்பிப் போட்டுத் தத்துவம் எழுதிக்குவாரு."

சிரிப்பில் அறையே அதிர்ந்தது. பேராசிரியர் மட்டும் சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

செப்டம்பர் 27

மறுபடியும் துவைக்கிற சோடா உப்பும் வெடிச்ச கையும்தானா? அம்மாகிட்ட என்னன்னு சொல்றது? ஏன் நான் ஒரு வார்த்தை கேக்கல — ஒரே ஒரு வார்த்தை?

செப்டம்பர் 28

பேராசிரியர் கூப்பிட்டார். அவர் தொடங்குமுன் என் வாய் முந்திக்கொண்டது.

"நீங்கதான் ஒரு வரி விடக் கூடாதுன்னீங்க."

"ஆமா. நீ விடல. விட்டது நான்தான்."

இனி பின்பக்கங்களைத்தான் முதலில் எழுதித் தர வேண்டும், தனித்தாளில். வேலை போகவில்லை!

அக்டோபர் 6

இரண்டு பெட்டிகள் முடிந்தன. பின்பக்கங்களில் ஜன்னல் ஏழு முறை. பல்வலி மூன்று. கடல் பதினொன்று.

அக்டோபர் 10

இருவரும் ரயிலேறிவிட்டார்கள், பால்டிக் கடலுக்கு. இந்தக் குளிர்ல எவனாவது கடலுக்குப் போவானா என்று வீட்டம்மா திட்டிக்கொண்டே போனார். ஆனால் முந்தாநாளே பெட்டி கட்டி வைத்திருந்தார். வீட்டுச் சாவி என்னிடம்.

அக்டோபர் 12

மூன்றாம் பெட்டியில் ஒரு புதுச் சீட்டு. முன்பக்கம், வாசற்படிக்குக் கீழே நிற்கும் நினைப்புகள். திருப்பினேன். என் பெயர்!

"தெக்லா நாலு பேர் முன்னால சாப்பிடக் கூச்சப்படுறா. தினமும் அவளுக்குன்னு அலமாரியில கேக் வெக்கிறேன். அவகிட்ட சொல்லிடுங்க. நீங்க தின்னுடாதீங்க."

என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் அலமாரித் தட்டு தினமும் காலியாகத்தான் இருந்தது!

வெறும் வீட்டில் சத்தம் போட்டுச் சிரித்தேன். வரட்டும் பேராசிரியர். சனிக்கிழமை, அந்த ஐந்து பேரையும் வைத்துக்கொண்டே கேட்கிறேன்.